மழையை எண்ணியவர் – சர் கில்பர்ட் வாக்கர்



ஆண்டு மலர் என்றாலே தலைவர்களின் வரலாறு இருக்கும். நாம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள். கர்மவீரர் காமராசரைப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாமல் நம் மலர் அச்சுக்குப் போகாது. இந்த முறையும் யாராவது நன்றாக எழுதியிருப்பார்கள். ஆகவே நான் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் வெள்ளைக்காரர், கணித மேதை. இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வானிலை படிக்கிற யாரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் எங்க ஊரில் அவர் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. இத்தனைக்கும், எங்க ஊர்ச் சம்சாரிகள் வருஷா வருஷம் வானத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியைத்தான் அவர் இருபது வருஷம் நம் நாட்டில் உட்கார்ந்து கேட்டார். இந்த வருஷம் மழை உண்டா, இல்லையா?

கரிசல் காட்டுக் கேள்வி

எங்கள் ஊர் இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் கோயில். இரண்டு ஆறு இருக்கிற ஊர் என்று வெளியூர் நண்பர்கள் பொறாமைப்படுவார்கள். வருஷத்தில் பாதி நாள் அந்த ஆறுகளில் மணலைத்தான் பார்க்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. நமக்கு ஆனி, ஆடியில் வருவது காய்ந்த மேல்காற்று மட்டும்தான். மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றி வரும் வடகிழக்குப் பருவ மழைதான். இந்த வறட்சியை வைத்துத்தான் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்தன. மருந்து காய வெயில் வேண்டும். பயிர் வளர மழை வேண்டும். ஒரே வானம் ஒருவருக்குச் சோறு போடுகிறது, பக்கத்து ஆளைப் பட்டினி போடுகிறது.

எங்கய்யாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பின் நடப்பது எல்லாம் சூதாட்டம் மாதிரிதான். நல்ல மழை பெய்தால் விதை முளைத்து வந்துவிடும். அரை மழை பெய்து, இருபது நாள் வெயில் அடித்தால், முளைத்தது கருகிப் போகும். விதைக்காசும் போச்சு, உழவுக்கூலியும் போச்சு. ஆகவே எவ்வளவு மழை என்பதை விட எப்போது மழை என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. வெயிலும் சேர்ந்தே கணக்குப் பண்ணுகிறது. மக்காச்சோளம் பூக்கிற சமயத்தில் ஈரமும் இல்லாமல் அனலும் அடித்தால், கதிர் நீளமாக இருக்கும், மணி பிடித்திருக்காது.

வடக்கே கோதுமைக்கும் இதே கதை. பஞ்சாபில் கார்த்திகை வாக்கில் விதைத்து சித்திரையில் அறுப்பார்கள். கோதுமைக்குக் குளிர் வேண்டும். தை, மாசியில் கொஞ்சம் பனிக்கால மழை வேண்டும். மணி பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் மணி சுருங்கிவிடும். 2022 மார்ச்சில் அதுதான் நடந்தது. 1901 முதல் உள்ள பதிவுகளில் அதுவரை இல்லாத வெப்பமான மார்ச் மாதம் அது. விளைச்சல் குறைந்தது. அந்த மே மாதமே கோதுமை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. பாசனம் உள்ள பஞ்சாபுக்கே அந்தக் கதி என்றால் மானாவாரிக் கரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கேள்விக்குக் கணிதத்தால் விடை தேடிய மனிதர்தான் சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர்.

பூமராங் வாக்கர்

1868 ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பொறியாளர். லண்டன் செயின்ட் பால் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்குப் போனார். 1889-இல் அங்கே கணிதத் தேர்வில் முதலாவதாக வந்தார். அப்படி வருபவரை 'சீனியர் ராங்லர்' என்பார்கள். அந்தக் காலத்தில் அது நம்மூரில் மாநிலத்திலேயே முதலாவதாக வருவதைவிடப் பெரிய கௌரவம்.

படிப்பு உடம்பைக் கெடுத்தது. மறு வருஷமே உடல்நலம் தளர்ந்து சுவிட்சர்லாந்துக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அங்கே பனிச்சறுக்கில் ஆசை பிடித்தது. புல்லாங்குழலும் வாசிப்பார். எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது பூமராங். வீசினால் வளைந்து திரும்பி வரும் அந்த ஆஸ்திரேலியக் கட்டை ஏன் திரும்புகிறது என்று கணக்குப் போட்டு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். கல்லூரியில் அவருக்கு 'பூமராங் வாக்கர்' என்றே பெயர் விழுந்தது. விளையாட்டுப் பொருளைப் பார்த்தாலும் அதற்குள் இயந்திரவியலைத் தேடும் புத்தி அது. மெக்கானிக்கல் தோழர்கள் கவனிக்கவும்.

பஞ்சம் அழைத்து வந்தது

இப்படிப்பட்டவர் இந்தியாவுக்கு வரக் காரணம் பஞ்சம். 1876 முதல் 78 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்தை நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செத்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே தானியம் கப்பலேறியதும், அரசாங்கம் நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டியதும் இன்னொரு காரணம். இதை மறக்கக்கூடாது.

1875-இல்தான் இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டிடம், மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசாங்கம் கேட்டது. இமயமலையில் பனி அதிகமாகவும் தாமதமாகவும் விழுந்தால் பருவ மழை குறைகிறது என்று அவர் கண்டார். 1886 முதல் முறையாக முன்னறிவிப்பு வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் இன்னும் பல விவரங்களைச் சேர்த்து, பக்கம் பக்கமாக அறிவிப்பு எழுதினார். 1899-இல் மழை நன்றாக இருக்கும் என்றார். அந்த ஆண்டுதான் கடும் வறட்சி வந்தது. மறுபடியும் பஞ்சம்.

அனுமானம் போதாது, கணக்கு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எலியட் ஓய்வு பெற்றதும் 1904-இல் அந்த இடத்துக்கு வாக்கர் வந்தார். வானிலைத் துறையில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. வயது 35. தலைமையகம் சிம்லா. கொடைக்கானல் வானாய்வகமும் அவர் துறையின் கீழ்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் இல்லாத கணக்கு

காற்றும் மேகமும் எந்த விதிப்படி நகர்கின்றன என்று சமன்பாடு எழுதித் தீர்க்க அன்று வழியில்லை. எனவே வாக்கர் வேறு வழியில் போனார். உலகம் முழுவதிலும் இருந்து பதிவேடுகளைச் சேர்த்தார். காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, இமயப் பனி, நைல் நதி வெள்ளம், சூரியப் புள்ளிகள் எதையும் விடவில்லை. இவற்றில் எது இந்திய மழையோடு சேர்ந்து ஏறுகிறது, எது ஏறும்போது மழை இறங்குகிறது என்று பார்த்தார்.

இதற்கு ஒட்டுறவுக் கெழு என்று நம் கணிதப் புத்தகத்தில் பெயர். இரண்டு விஷயம் ஒன்றாகவே ஏறி இறங்கினால் 1. நேர் எதிராகப் போனால் கழித்தல் 1. சம்பந்தமே இல்லையென்றால் 0. இன்றைக்கு செல்போனில் ஒரு நொடியில் வந்துவிடும். அன்று ஒவ்வொன்றையும் பேனாவால் போட வேண்டும். முதல் உலகப் போரின்போது அதிகாரிகள் பலர் போர் வேலைக்குப் போய்விட, இந்திய எழுத்தர்களை வைத்து இந்தக் கணக்குகளை நடத்தினார் வாக்கர். அப்படி உட்கார்ந்து கூட்டிக் கழித்த பெரும்பாலானவர்களின் பெயர் எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஆனால் அந்த எண்களில் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

இங்கே வாக்கரின் நேர்மையைச் சொல்ல வேண்டும். நூறு பேர் ஆளுக்கு ஆறு தடவை காசு சுண்டினால், யாராவது ஒருவனுக்கு ஆறு தடவையும் தலையே விழுந்துவிடலாம். அவனை ஜோசியக்காரன் என்று சொல்ல முடியுமா? அதே போல நூற்றுக்கணக்கான விஷயங்களை மழையோடு ஒப்பிட்டால் ஒன்றிரண்டு தற்செயலாகப் பொருந்தித்தான் தீரும். பொருந்தியதை எல்லாம் உண்மை என்று நம்பக்கூடாது என்று 1914-இல் கட்டுரை எழுதி, எவ்வளவு பெரிய கெழு வந்தால் நம்பலாம் என்பதற்கு அளவும் கொடுத்தார். கணக்கு தெளிவாகச் சொல்லாத ஆண்டில் உறுதியாக எதையும் அறிவிக்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

கடலில் ஒரு தராசு

இத்தனை எண்களுக்கு நடுவில் அவருக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. அங்கே குறையும்போது இங்கே கூடுகிறது. பூமியின் பாதிச் சுற்றளவுக்கு ஒரு தராசு தொங்கினால் எப்படியோ, அப்படி. ஹைட்ராலிக்ஸ் லேப்பில் மேனோமீட்டரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு புறம் பாதரசம் இறங்கினால் மறுபுறம் ஏறும் அல்லவா? இதற்கு 1924-இல் 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து இந்தியாவின் மழையும் மாறுவதைக் கண்டார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதே போன்ற அலைவுகள் இருப்பதையும் சொன்னார்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள்

வாக்கர் வாழ்க்கையில் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1913 பிப்ரவரியில் அலுவல் காரணமாகச் சென்னை வந்தார். துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த ஒரு குமாஸ்தாவின் கணக்குகளை அவரிடம் காட்டினார். அந்தக் குமாஸ்தா கல்லூரித் தேர்வில் தவறியவர், பட்டம் கிடையாது. பெயர் சீனிவாச ராமானுஜன்.

வாக்கர் பயன்முறைக் கணிதக்காரர். ராமானுஜனுடைய எண் கணிதம் அவர் துறை இல்லை. இருந்தாலும் பார்த்தவுடன் இது சாதாரண வேலையில்லை என்று தெரிந்துகொண்டார். பிழைப்புக் கவலையில்லாமல் சில ஆண்டுகள் கணிதமே செய்ய இவருக்கு வழி செய்து தர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா என்று விதி குறுக்கே நின்றது. விதியைத் தாண்டி, அந்த மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது பல்கலைக்கழகம். அடுத்த ஆண்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். ஹார்டிக்கும் பலருக்கும் இதில் பங்குண்டு. வாக்கரின் கடிதத்துக்கும் பெரிய பங்குண்டு.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். திறமை இருப்பவனைத் தெரிந்துகொள்கிற ஒரு மனிதர், சரியான நேரத்தில் ஒரு கடிதம் எழுதினால் ஒரு வாழ்க்கையே மாறும். நாளைக்கு நாமும் எங்கோ ஒரு மேசையில் உட்காருவோம். அப்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தோற்றாரா, ஜெயித்தாரா?

1924-இல் சர் பட்டம் கிடைத்தது. ஓய்வு பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பத்தாண்டு அங்கே பாடம் சொன்னார். பிற்காலத்தில் புல்லாங்குழலின் அமைப்பைத் திருத்துவதில் நேரம் செலவழித்தார். 1958 நவம்பர் 4-இல், தொண்ணூறாவது வயதில் காலமானார்.

அவர் வந்த வேலை முடிந்ததா? உண்மையைச் சொன்னால், முடியவில்லை. பருவ மழையை நம்பும்படியாக முன்கூட்டிச் சொல்ல அவர் சூத்திரங்களால் முடியவில்லை. ஒரு காலத்தில் பொருந்திய ஒட்டுறவுகள் பிறகு தளர்ந்துபோயின. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தெற்கு அலைவு, பருவ மழைக்கு முந்திய மாதங்களைவிட அதற்குப் பிந்திய மாதங்களோடுதான் நெருங்கிப் பொருந்தியது. மழையை முன்னால் சொல்லத் தேடிப் போனவருக்கு, மழைக்குப் பின்னால் நடப்பது கிடைத்தது. இந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. எழுதியே வைத்தார். தெற்கு அலைவு ஏன் நடக்கிறது என்று காரணம் சொல்லவும் அவரால் முடியாததால், உலக விஞ்ஞானிகள் பலர் அவர் சாகும் வரை அதைப் பெரிதாக நம்பவில்லை.

அவர் இறந்து பதினோரு ஆண்டு கழித்து, 1969-இல் ஜேக்கப் பியெர்க்னஸ் என்ற விஞ்ஞானி முடிச்சை அவிழ்த்தார். பசிபிக் கடலின் கிழக்குப் பக்கம் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாவதை, பெரு நாட்டு மீனவர்கள் எல் நினோ என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அந்தக் கடல் சூடும் வாக்கரின் காற்றழுத்தத் தராசும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பாகங்கள் என்று அவர் காட்டினார். பசிபிக்கின் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டத்துக்கு 'வாக்கர் சுழற்சி' என்று பெயரும் வைத்தார். தாது வருஷப் பஞ்சத்தின் 1877-உம், எலியட்டைக் கவிழ்த்த 1899-உம் எல் நினோ ஆண்டுகள் என்று இப்போது தெரிகிறது.

இருக்கன்குடிக்கு என்ன பயன்?

எல் நினோ வந்தால் வட இந்தியாவில் தென்மேற்குப் பருவ மழை குறைவது வழக்கம். ஆனால் நமக்கு வரும் வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடுகிறது. 2015 எல் நினோ ஆண்டு. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2023-உம் எல் நினோ ஆண்டு. டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழை எங்கள் பக்கமும் அடித்ததில், முற்றி நின்ற உளுந்து நெற்றிலேயே முளைத்துவிட்டது. அதற்கு எதிரான லா நினா பக்கம் தராசு சாய்ந்திருந்த 2016-இல், தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு மழை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. விதைத்தது எதுவும் வீடு வரவில்லை. அந்த வருஷம்தான் எங்கம்மா தீப்பெட்டி வேலைக்குப் போக ஆரம்பித்தது. இன்றைக்கும் போகிறது. என் படிப்புச் செலவில் பாதி அந்தக் கூலி.

அப்படியானால் எல் நினோ என்றால் மழை, லா நினா என்றால் வறட்சி என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா? கூடாது. 2021 லா நினா ஆண்டுதான். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மழை வெளுத்து வாங்கியது. வாக்கர் எச்சரித்த விஷயமே இதுதான். ஒட்டுறவு என்பது வாய்ப்பு, வாக்குறுதி இல்லை. 2002-இல் வழக்கமான மழை என்று வானிலைத் துறை சொல்லி, 19 சதவீதம் குறைந்து நாடே வறண்டதும் நாம் மறக்கக்கூடாத பாடம்.

வாக்கர் காலத்தில், இந்தியாவில் மழை நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று ஒரு பேச்சு இருந்தது. பழைய பதிவுகளை எண்ணிப் பார்த்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று 1910-இல் சொன்னார். இன்று வெப்பநிலை ஏறுகிறது என்பதை அதே மாதிரிப் பதிவேடுகள்தான் நமக்குக் காட்டுகின்றன. வேண்டியதைச் சொல்வதற்காக யாரும் எண்ணை வளைக்கவில்லை. அதனால்தான் இரண்டு முடிவையும் நம்ப முடிகிறது.

எங்கய்யாவுக்கு இந்த விவரத்தைச் சொன்னேன். சும்மா கேட்டுக்கொண்டார். போன புரட்டாசியில் மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்காமல், ஒரு ஏக்கரை முதல் மழைக்குப் பின் விதைக்க நிறுத்தி வைத்தார். வாய்ப்பைப் பங்கு போடுகிற புத்தி அது. புள்ளியியல் படிக்காமலே அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

தோழர்களே, நாம் பட்டயம் முடித்து வெளியே போனால் பெரும்பாலும் அளக்கிற வேலைதான் செய்யப் போகிறோம். அழுத்தம், வெப்பம், நீளம், மின்னோட்டம் என்று ஏதாவது ஒன்று. லேப்பில் விடை வர வேண்டுமென்று ரீடிங்கைத் திருத்தி எழுதுகிறவர்களும் நம்மில் உண்டு. வாக்கருக்கு விடை வரவில்லை. ஆனாலும் ரீடிங்கைத் திருத்தவில்லை. அதனால்தான் நாற்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொருவர் வந்து விடையை எடுக்க முடிந்தது. நாம் எழுதி வைக்கிற எண்ணை நம்பி நாளை ஒருவன் விதைப்பான் என்று நினைத்து எழுதுவோம். அது போதும்.



– இரண்டாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை
இருக்கன்குடி